பைதானில் கோப்புக்கு எழுத: பிரிண்டா, ரைட்டா?

பைதான் நிரல்மொழியில் உரைக் கோப்புக்கு எழுதப் பலரும் நாடுவது இரண்டு வழிகள். ஒன்று, திரைக்காகப் பழகிய அதே பிரிண்ட் (print). ஃபைல் (file) என்ற அளவுருவில், அதாவது அழைக்கும்போது தரும் கூடுதல் மதிப்பில், கோப்பைக் கொடுத்தால் போதும். மற்றொன்று, கோப்புக்கே உரிய ரைட் (write).

பிரிண்ட் இணக்கமானது. எண், பட்டியல் என எதைக் கொடுத்தாலும் தானே உரையாக மாற்றிக்கொள்ளும், நடுவில் இடைவெளி விடும், கடைசியில் வரியை முடிக்கும். பிடிக்கவில்லையென்றால் இடைவெளியை செப் (sep), வரி முடிவை எண்ட் (end) அளவுருக்களால் மாற்றலாம். ரைட் கறாரானது. எண்ணைக் கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடும்; வரி முறிவையும் நாமே போட வேண்டும். அதன் உறவான ரைட்லைன்ஸ் பெயருக்குத்தான் வரிகளை எழுதுகிறது. வரி முறிவைச் சேர்க்காது, எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

அறிக்கை என்றால் பிரிண்ட். ஓர் எழுத்துகூடக் கூடவோ குறையவோ கூடாது என்றால் ரைட். என் வழக்கம் இது. ஆனால் பிரிண்டில் ஃபைலை எழுத மறந்தால் பிழை எதுவும் வராது. வரிகள் திரையில் ஓடும், கோப்பு காலியாகவே இருக்கும்.

கோப்பு காலியாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. இரவெல்லாம் ஓடிய நிரலின் கோப்பு காலையில் சுழியம் பைட் காட்டியது. நிரல் உறைந்துவிட்டது என்று நினைத்து வலுக்கட்டாயமாக நிறுத்தினேன். எழுதியதெல்லாம் கோப்புக்குப் போகுமுன் சேரும் தற்காலிக நினைவகமான இடையகத்தில் காத்திருந்திருக்கிறது; அதுவும் சேர்ந்து போயிற்று. இடையகத்தில் உள்ளதை உடனே வெளியே தள்ள, பிரிண்டில் பைதான் 3.3 பதிப்பு முதல் ஃப்ளஷ் (flush) அளவுரு இருக்கிறது. ரைட்டுக்குத் தனியாக ஃப்ளஷ் அழைக்க வேண்டும். கோப்பைத் திறக்கும்போதே பஃபரிங் மதிப்பை 1 என்று வைத்தால் வரிக்கு வரி வெளியேறும். அப்போது எதில் எழுதினாலும் ஒன்றுதான்.

எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் குறியாக்கமும் கோப்பைத் திறக்கும் ஓப்பனின் (open) பொறுப்பே. யுடிஎஃப்-8 என்று சொல்லாமல் விட்டால், சில விண்டோஸ் கணினிகளில் தமிழின் முதல் எழுத்திலேயே இரண்டும் பிழை காட்டும்.

அட்டவணையில் பத்திகள் நேராக நிற்க, பத்து இட அகலத்தில் ‘தமிழ்’ என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; இகரக் குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணும் பைதான் கணக்கில் ஐந்து. ஏழு இடைவெளி வேண்டிய இடத்தில் ஐந்துதான் விழும், பத்திகள் கோணும். அதனால் தமிழ் அட்டவணைக்கு இடைவெளிகளை நம்பாமல் டேப்பைப் பிரிப்பானாக வைக்கிறேன். அதற்குப் பிரிண்டின் செப் ஒன்றே போதும்.