இரசாயனம் படிக்க எங்கே போவது: திருநெல்வேலி, பம்பைமடு, இராஜகிரிய

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல வீடுகளில் எழும் கேள்வி இதுதான்: "மெடிசினும் கிடைக்கேல்லை, இன்ஜினியரிங்கும் கிடைக்கேல்லை, இனி என்ன செய்யிறது?" இரசாயனத்தில் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும், அந்தப் பாடத்தையே பட்டமாகப் படிக்கலாம் என்ற நினைப்பு கடைசியாகத்தான் வருகிறது. அது எனக்குப் பெரிய மனவருத்தம். அப்படிப் படிக்க விரும்பும் வன்னிப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மூன்று இடங்களைப் பற்றி. என் தெரிவை முதலே சொல்லிவிடுகிறேன்: இடம் கிடைத்தால் யாழ்ப்பாணம், அதுவும் நான்கு வருட கௌரவப் பட்டத்தைக் குறிவைத்து.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறது. கணிதப் பிரிவுப் பிள்ளைகள் பௌதிக விஞ்ஞானத்துக்கும், உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் உயிரியல் விஞ்ஞானத்துக்கும் விண்ணப்பிக்கலாம். இரண்டு வழியாலும் இரசாயனத்துக்குப் போகலாம். அனுமதி உயர்தரப் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளிப்படி: 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம்விட வேண்டாம். அரச பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக்குக் கட்டணமும் இல்லை.

மூன்று வருடப் பொதுப் பட்டத்தில் இரசாயனம் மற்றப் பாடங்களோடு சேர்ந்து வரும். நான்கு வருடம் படித்தால்தான் அது உங்கள் பாடமாகும். சொந்தமாக ஓர் ஆய்வையும் செய்து முடிப்பீர்கள். ஆனால் அதற்கு ஆட்களை எடுப்பது தொடக்க வருடப் பெறுபேற்றைப் பார்த்து. எங்கள் பிள்ளைகள் தடுமாறுவதும் அந்த வருடங்களில்தான்.

ஒரு காரணம் ஆங்கில மொழிமூலம். அது ஒரு வருடத்தில் சரிவந்துவிடும். பெரிய காரணம் ஆய்வுகூடம். உயர்தரத்தில் செய்முறையும் எழுத்திலேயே கேட்கப்படுகிறது. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் அளவியைக் கையால் தொடாத பிள்ளைகூட, அதை எந்தக் கரைசலால் கழுவ வேண்டும் என்று எழுதி முழுப் புள்ளி வாங்கலாம். வளாகத்தில் அது செல்லாது. பினோத்தலின் என்ற நிறங்காட்டி போட்ட அமிலத்துக்குள் காரம் சொட்டுச் சொட்டாக விழும்போது இளஞ்சிவப்பு வந்து வந்து மறையும். மறைய எடுக்கும் நேரம் கூடக்கூட முடிவு கிட்டுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் அளவியின் அடைப்பானைத் திருகி அரைத்துளியைத் தொங்கவிட்டு, குடுவையின் சுவரில் தொட்டு, வடித்த நீரால் கழுவி இறக்க வேண்டும். இது கை பழக வேண்டிய விசயம். ஆகவே பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களில் இங்கிலீஷ் வகுப்புக்கு மட்டும் ஓடாமல், ஆய்வுகூடம் இயங்கும் ஒரு பாடசாலையில் கேட்டு, இப்படிச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவறியும் நியமிப்பைச் செய்து பழகுங்கள்.

சரி, வவுனியாவுக்கு வருவோம். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. வீட்டுக்குக் கிட்ட என்பது சின்ன விசயம் இல்லை; பெண் பிள்ளைகளைத் தூர அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கும், செலவை எண்ணிப் பார்க்கும் வீடுகளுக்கும் அது பெரிய ஆறுதல். அங்குள்ள பிரயோக விஞ்ஞான பீடத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கலாம். நல்ல படிப்பு. ஆனால் இரசாயனப் பட்டம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

வித்தியாசத்தை எங்கள் கிணற்றுத் தண்ணியை வைத்தே காட்டலாம். வன்னியில் பல இடங்களில் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும். கல்சியம், மகனீசியம் கூடிய வன்னீர் அது. சுற்றாடல் விஞ்ஞான மாணவர் இந்தத் தண்ணி எந்தப் பாறைக்கூடாக வருகிறது, மாரியிலும் கோடையிலும் எப்படி மாறுகிறது, குடிக்கும் சனத்துக்கு என்ன செய்கிறது என்று தேடுவார். இரசாயன மாணவர் அதே தண்ணியை, உலோக அயன்களைப் பிடிக்கும் ஈடிடிஏ என்ற சேர்வை கொண்டு நியமிப்பார். நிறங்காட்டியின் வைன் சிவப்பு நீலமாக மாறும் கணத்தில் நிறுத்துவார். பிறகு அமில காரத் தன்மையைக் காட்டும் பீஎச் ஏன் 10 இல் இருக்க வேண்டும் என்று கேட்பார். அதைவிடக் குறைந்தால் ஈடிடிஏ உலோக அயனை இறுக்கிப் பிடிக்காது. நன்றாகக் கூடினால் மகனீசியம் ஐதரொட்சைட்டாக வீழ்படிந்துவிடும். இந்த இரண்டாவது கேள்வியில் மனம் நின்றால் நீங்கள் இரசாயனத்துக்கு உரிய ஆள். முதலாவதில் நின்றால் பம்பைமடுவை இரண்டாம் தரமாக நினைக்கவே வேண்டாம். சிறுநீரக நோய் வாட்டும் மாவட்டத்துக்கு அந்த அறிவு அவசரமாகத் தேவை.

மூன்றாவது, இராஜகிரியவில் உள்ள இலங்கை இரசாயனவியல் நிறுவகம். 1941 இல் தொடங்கிய அமைப்பு; 1979 முதல் நான்கு வருடக் கற்கைநெறி நடத்துகிறது. இசட் புள்ளி அங்கே தடையாக இல்லை. தொடக்கம் முதல் முடிவுவரை இரசாயனம்தான் மையம். தென்னிலங்கைத் தொழிற்சாலைகளும் ஆய்வுகூடங்களும் கிட்ட இருப்பதால் வேலை தேடவும் வசதி. பரந்தனில் ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் செய்த தொழிற்சாலை யுத்தத்தோடு நின்றபிறகு, அந்த அளவு இரசாயனத் தொழில் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் இராஜகிரியவில் கட்டணம் உண்டு. அதற்கு மேல் கொழும்பில் தங்கும் செலவு. அங்கே தங்க ஒரு சொந்தக்காரர் வீடு இருந்து, இசட் புள்ளி மட்டும் மயிரிழையில் தவறியிருந்தால் தயங்காமல் போகலாம். கடன்பட்டுப் போவதென்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அந்தக் காசுக்கு உயர்தரத்தை இன்னொருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் விருப்ப வரிசைதான் முக்கியம். இரசாயனம்தான் வேண்டும் என்றால் யாழ்ப்பாண விஞ்ஞான பீடத்தை உங்கள் பிரிவுக்கு ஏற்றபடி மேலே போடுங்கள். ஊருக்குக் கிட்ட என்பதற்காக விருப்பமில்லாத பாடத்தை அதற்கு மேலே போடாதீர்கள். இராஜகிரியவுக்கான விண்ணப்பம் இதில் வராது, அதை நிறுவகத்துக்கே தனியாக அனுப்ப வேண்டும்.