கோயில் கணினியில் ஆப்ஆர்மர்: ஒரு தைப்பூசம் வரை பயன்படுத்திய அனுபவம்

மொரீஷியஸில், ரோஸ் ஹில் பக்கத்தில் இருக்கும் எங்கள் கோயிலின் காவடிப் பதிவுக் கணினி என் பொறுப்பு. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம், பதிவுகளைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், ஒரு சின்ன வலைப் படிவம், அவ்வளவுதான். ஆப்ஆர்மர் என்பது எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அமைப்பு. உபுண்டுவோடு கூடவே வருவது, காசில்லை.

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வட்டு நிறைந்தது. தரவுக் கோப்புறையைப் புது வட்டுக்கு மாற்றினேன். மைஎஸ்க்யூஎல் எழும்பவே இல்லை. பிழை எண் 13, அனுமதி இல்லையாம். கோப்பின் உரிமையாளர் சரி, அனுமதிகளும் சரி. ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக நுழைந்து நானே திறந்தால் திறக்கிறது! இரவு பதினொன்றுக்குப் பொருளாளர் அண்ணன் கூப்பிட்டு, "தம்பி, பழையபடி நோட்டிலேயே எழுதிடுவோமா?" என்றார்.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் எழுதிவைக்கும் பதிவைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போது, வழக்கமான அனுமதிச் சோதனை முடிந்ததும் கெர்னல் ஆப்ஆர்மரையும் கேட்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் புரொஃபைலில், அதாவது அது எதைத் தொடலாம் என்ற விதிப் பட்டியலில், கோப்புறையின் பழைய பாதை மட்டுமே இருந்தது. என் ரூட் முனையத்துக்குப் புரொஃபைலே கிடையாது, அதனால் தடையும் இல்லை. நம் மாற்றங்களுக்கென்றே இருக்கும் லோக்கல் கோப்பில் புதுப் பாதைக்கு இரண்டு வரி சேர்த்து, புரொஃபைலை மறுபடி ஏற்றினேன். ஓடியது.

பிழைச் செய்தியில் ஆப்ஆர்மரின் பெயர் வராதது பெரிய குறை. இரண்டு மணி நேரம் அதில் போனது. இன்னொன்று, இது கோப்பைப் பாதையால்தான் அறிகிறது. இதே வேலையைச் செய்யும் இன்னொரு அமைப்பான எஸ்ஈலினக்ஸில், கோப்பை அடையாளம் காட்டும் முத்திரை கோப்போடேயே இருக்கும். ஆனால் அதன் விதிகளைப் படிக்க எனக்குப் பொறுமை போதவில்லை. ஆப்ஆர்மர் விதியோ பாதை, பக்கத்தில் படிக்க ஓர் எழுத்து, எழுத ஓர் எழுத்து. கெர்னலுக்குள் 2010இல், 2.6.36 பதிப்பில் சேர்ந்தது.

அந்த இரவுக்குப் பின் இதை நான் விடவில்லை, இன்னும் இறுக்கினேன். பக்தர்கள் அனுப்பும் படங்களைச் சிறிதாக்கும் நிரலுக்குத் தனிப் புரொஃபைல் எழுதினேன். ஒரு வாரம் கம்ப்ளெயின் நிலை: விதியில் இல்லாததைத் தடுக்காது, குறித்து மட்டும் வைக்கும். அந்தக் குறிப்புகளைப் படித்து விதி சேர்க்க உதவும் ஏஏ-லாக்புராஃப் கருவி ஒவ்வொன்றாகக் கேட்க, பதில் சொல்லிக்கொண்டே வந்து, பிறகு நிஜமாகவே தடுக்கும் என்ஃபோர்ஸ் நிலைக்கு மாற்றினேன். இப்போது யாராவது விஷமப் படம் அனுப்பி அந்த நிரலைக் கைப்பற்றினாலும், அது ரூட்டாகவே ஓடினாலும், தரவுக் கோப்புறையை அதனால் திறக்க முடியாது. அதில் எங்கள் ஆட்களின் அடையாள அட்டை எண்ணும் வீட்டு முகவரியும் இருக்கின்றன. என்னை நம்பிக் கொடுத்தவை.

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். கோப்புறையை இடம் மாற்றும் முன் ஏஏ-ஸ்டேட்டஸ் ஓட்டி, எந்தெந்த நிரலுக்குப் புரொஃபைல் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.