ஃபீனிக்ஸ் வெயில், போர்ட்லண்ட் மழை: ரெண்டுலயும் வருஷக்கணக்கா குடியிருந்தவனோட லாங் டெர்ம் ரிவ்யூ

போனுக்கு காருக்கு மிக்ஸிக்கு எல்லாம் லாங் டெர்ம் ரிவ்யூ போடறாங்க, கிளைமேட்டுக்கு ஒருத்தரும் போட மாட்டேங்கறாங்க. போன் பிடிக்கலன்னா வித்துட்டு வேற வாங்கலாம், கிளைமேட் அப்படி இல்லயே, வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்து பிள்ளைங்கள ஸ்கூல்ல சேத்த அப்புறம் தான் அதோட சுயரூபமே தெரியும். அதான் எழுதலாம்னு தோணுச்சு.

அமெரிக்கால சிப் ஃபீல்டுல இருக்கற நம்மாளுங்களுக்கு இந்த ரூட் நல்லா தெரியும். அரிசோனால ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லர், ஒரேகான்ல போர்ட்லண்ட் பக்கம் ஹில்ஸ்போரோ, ரெண்டு ஊர்லயும் இன்டெல் ஃபேப், அதாவது சிப் செய்யற ஃபேக்டரி இருக்கு, அத சுத்தி வேற கம்பெனிங்களும் இருக்கு, அதனால இங்க இருந்து அங்க அங்க இருந்து இங்கன்னு தமிழ் குடும்பங்க மாறிக்கிட்டே இருக்கும். மாறறவங்க எல்லாரும் கேக்கற ஒரே கேள்வி, எது பெட்டர்? என் ஓட்டு மழைக்கு. யோசிக்காம மழைக்கு. ஆனா என் வீட்லயே இதுக்கு எதிர்க்கட்சி இருக்கு, அவங்க சொல்றதையும் எழுதிடறேன், இல்லன்னா ராத்திரி சோறு கெடைக்காது.

மொதல்ல ஃபீனிக்ஸுக்கு நியாயமா பேசிடுவோம். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அந்த ஊர அடிச்சிக்க ஆளே இல்ல. பகல்ல இதமா இருபது இருபத்திரெண்டு டிகிரி செல்சியஸ், மேகமே இல்லாத வானம், மார்ச்ல தெருவெல்லாம் ஆரஞ்சுப்பூ வாசம். பனியில கெடக்கற ஸ்டேட்ல இருந்து தாத்தா பாட்டிங்க எல்லாம் குளிர்காலத்துக்கு இங்க தான் வந்து எறங்குவாங்க. இட்லி மாவு கேக்கவே வேணாம், கொஞ்சம் அசந்தா பாத்திரத்த விட்டு வெளிய வந்துடும். கருவேப்பிலை மரமாவே வளரும். வத்தல் வடாம் எல்லாம் ஒரே நாள்ல சலசலன்னு காஞ்சிடும், எங்கம்மா அங்க வந்திருந்தப்ப அந்த வெயில வேஸ்ட் பண்ணக்கூடாதுன்னே தெனமும் எதையாவது பிழிஞ்சு காயப்போட்டுட்டு இருந்தாக.

பிரச்சனை மே மாசம் ஆரம்பிக்கும். நம்ம ஊர் கத்திரி வெயில நெனச்சுக்கிட்டு இதென்ன பெரிய விஷயம்னு தான் எல்லாரும் போறோம். சென்னைல சாயங்காலம் ஆனா கடக்காத்து வரும், தென்காசி பக்கம் ஜூன் பொறந்தா சாரல் வந்துரும், அதாவது வெயிலுக்கு ஒரு முடிவு இருக்கு. ஃபீனிக்ஸ்ல அந்த முடிவு செப்டம்பர் தாண்டித்தான் வரும். 2023ல ஜூன் கடைசில இருந்து ஜூலை கடைசி வரைக்கும் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு கொறையல, அதாவது 43 செல்சியஸ். சரி அது ஏதோ மோசமான வருஷம்னு மனச தேத்திக்கிட்டா, 2024ல தொடர்ந்து 113 நாள் 100 டிகிரிக்கு மேல அடிச்சு அந்த வருஷமும் ரெக்கார்டு. பகல் வெயில கூட பொறுத்துக்கலாம்ங்க, ராத்திரி தான் கொடுமை. 2023 ஜூலை 19ம் தேதி அந்த நாளோட கொறைஞ்ச வெப்பமே 97 டிகிரி, 36 செல்சியஸ். விடிகாலைல அந்த அளவு! ரோடும் பார்க்கிங் லாட்டும் காம்பவுண்டு சுவரும் பகல் பூரா சூட்ட வாங்கி வச்சிக்கிட்டு ராத்திரி பூரா நிதானமா வெளிய விடும்.

"அது ட்ரை ஹீட் தானப்பா, கசகசன்னு இருக்காதே"ன்னு ஒரு வசனம் எல்லாரும் சொல்லுவாங்க. உண்மை தான், வேர்வை தெரியாது, ஏன்னா வர்ற வேகத்துலயே காஞ்சிடும். அதனால ஒடம்புல இருந்து எவ்ளோ தண்ணி போகுதுன்னே தெரியாம சாயங்காலம் தல வின்னு வின்னுன்னு தெறிக்கும் போது தான் காலைல இருந்து தண்ணி குடிக்கலங்கறது ஞாபகம் வரும். அதுபோக சுத்தி இருக்கற காத்து நம்ம தோல விட சூடா இருந்தா, காத்து அடிக்க அடிக்க இன்னும் சூடு தான் ஒடம்புல ஏறும், ஃபேன் போட்டும் பிரயோஜனம் இல்ல. இது சும்மா அசௌகரியம்னு நெனச்சிடாதீங்க, 2023ல மட்டும் ஃபீனிக்ஸ் இருக்கற மாரிகோபா கவுன்டில வெயில் சம்பந்தமா செத்தவங்க 645 பேர். ரோட்ல தடுக்கி விழுந்து எழுந்திரிக்க முடியாம தார்ல ஒடம்பு பட்டு தீக்காயத்தோட ஆஸ்பத்திரிக்கு போறது அங்க ஒவ்வொரு சம்மரும் நியூஸ்ல வரும்.

டெய்லி வாழ்க்கைல இதோட அர்த்தம் என்னன்னா, ஸ்டியரிங்க துணி போட்டு பிடிக்கணும், சீட் பெல்ட் பக்கிள் பிள்ளைங்க தொடைல பட்டா கத்தும், கார் பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல மண்டைய போடும், பச்சத்தண்ணி பைப்ப தொறந்தா வெந்நீர் வரும். கரன்ட்டுக்கு நேரத்துக்கு ஒரு ரேட்டுங்கற டைம் பிளான் போட்டிருந்தா சாயங்காலம் பீக் ரேட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வீட்ட ஃப்ரிட்ஜா ஆக்கி வச்சிட்டு அந்த நேரம் பூரா ஏசிய ரொம்ப ஓட விடாம வைக்கறதுன்னு பெரிய மேனேஜ்மென்ட். வாக்கிங் போகணும்னா காலைல அஞ்சு மணி, அத விட்டா மால். பிள்ளைங்களுக்கு ஸ்கூல் தொறக்கறது ஜூலை ஆகஸ்ட்லயே, அந்த சூட்டுல கிரவுண்டுக்கு விட மாட்டாங்க, ரீசஸ்னு சொல்ற விளையாட்டு இடைவேளை எல்லாம் கட்டடத்துக்குள்ள. நாட்லயே அதிகமா வெயில் அடிக்கற பெரிய ஊர்ல இருந்துக்கிட்டு வைட்டமின் டி கம்மின்னு என் பிளட் டெஸ்ட்ல வந்துச்சு, டாக்டருக்கு ஆச்சரியமே இல்ல, இங்க எல்லாரும் உள்ள தான இருக்காங்கன்னு சொல்லி மாத்திரை எழுதிட்டாரு. என் மொத்த ரிவ்யூவும் இதுல அடங்கிடும்னு வைங்க, சூரியன் இருக்கற ஊர்ல நான் ஜன்னலுக்கு திரை போட்டு ஏசிக்குள்ள வாழ்ந்தேன்.

அங்கயும் மழை உண்டு. வருஷத்துக்கு சராசரியா 180 மில்லிமீட்டர் கிட்ட வரும், நம்மூர்ல ஒரு நல்ல ஐப்பசி மழை ரெண்டு நாள்ல கொட்டிட்டு போயிரும் அந்த அளவ. ஜூன் நடுவுல இருந்து செப்டம்பர் வரைக்கும் மான்சூன்னு சொல்லுவாங்க, பேரு நம்ம பேரு தான், ஆனா மொதல்ல வர்றது புழுதி. ஹபூப்னு சொல்ற மண் சுவர் வானத்துக்கும் பூமிக்கும் நின்னு வரும், 2011 ஜூலைல வந்தது ஊரையே முழுங்கிடுச்சு. பின்னாடியே மழை வந்தா காஞ்ச ஓடையெல்லாம் நிமிஷத்துல வெள்ளம் ஓடும், தடுப்ப தாண்டி வண்டிய விட்டு மாட்டிக்கிட்டா மீட்கற செலவ நம்ம தலைல கட்ட ஒரு சட்டமே இருக்கு, அதுக்கு ஜனங்க வச்ச பேரு முட்டாள் டிரைவர் சட்டம். ஆனா ஒண்ணு, அந்த மழை முடிஞ்சதும் க்ரியோசோட் செடில இருந்து ஒரு வாசம் வரும் பாருங்க, அதுக்காக தெருவே வாசல்ல வந்து நிக்கும். மழைக்கு ஏங்கறது நான் மட்டும் இல்லங்கறது அப்ப தான் தெரிஞ்சுது.

இனி போர்ட்லண்ட். மாறப்போறோம்னு சொன்னதும் எல்லாரும் பயமுறுத்தினாங்க, எப்பவும் மழை, பைத்தியம் பிடிச்சிடும்னு. கணக்க பாத்தா போர்ட்லண்ட்ல வருஷத்துக்கு சுமாரா 900 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல, சென்னைல 1,400 கிட்ட. அதாவது சென்னைய விட கம்மி! வித்தியாசம் என்னன்னா சென்னை அத ஐம்பது அறுபது நாள்ல கொட்டி தீத்திடும், போர்ட்லண்ட் நூத்தி ஐம்பது நாளுக்கு மேல வச்சு தூவும். பசிபிக் கடல்ல இருந்து மேற்கு காத்து ஈரத்த அள்ளிக்கிட்டு வரும், கேஸ்கேட் மலை அத தடுத்து இந்த பக்கமே பெய்ய வச்சிடும், மலைய தாண்டி அந்த பக்கம் பெண்ட்னு ஒரு ஊர் இருக்கு, மூணு மணி நேர டிரைவ் தான், அங்க பாத்தா பொட்டக்காடு மாதிரி வறட்சி.

இந்த தூவல் இருக்கே, இது சுத்தமான குத்தாலச் சாரல். குளிர் ஜாஸ்தி, அவ்ளோ தான். குத்தாலத்துல சீசன் ரெண்டு மூணு மாசம், இங்க அக்டோபர்ல ஆரம்பிச்சா மே ஜூன் வரைக்கும். குடை பிடிக்கறவன பாத்தா வெளியூர்க்காரன்னு கண்டுபிடிச்சிடுவாங்க, லோக்கல் ஆளுங்க ஹூட் வச்ச ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு போயிட்டே இருப்பாங்க. ஸ்கூல்ல மழைக்குன்னே கூரை போட்ட பிளே ஏரியா இருக்கு, பிள்ளைங்க அதுலயும் நிக்காம மழைல தான் ஓடுதுங்க, ஒண்ணும் ஆகல. எங்கம்மா மொத தடவ நவம்பர்ல வந்து எறங்கி வாசல்ல நின்னு பாத்துட்டு, "என்னல இது, ஆடி மாசம் கணக்கா அடிக்கு, இத விட்டுட்டா அந்த பொசுங்கற ஊர்ல கெடந்த"ன்னு கேட்டாக. கூடவே "தெனமும் பெஞ்சா துணி எங்கல காயும்"னும் கேட்டாக, அது நியாயமான கேள்வி, டிரையர்ல தான்.

எனக்கு மழை குடுத்தது என்னன்னா, வெளிய போற பழக்கம். எட்டு டிகிரில சாரல்ல ஒரு மணி நேரம் நடந்தா ஒடம்பு சூடாகி சுகமா இருக்கும், 44 டிகிரில பத்து நிமிஷம் நடந்தா அன்னைக்கு பூரா காலி. குளிருக்கு இன்னொரு ஸ்வெட்டர் போடலாம், வெயிலுக்கு தோல உரிச்சா போட முடியும்? ஊருக்குள்ளயே ஃபாரஸ்ட் பார்க்னு 5,000 ஏக்கருக்கு மேல காடு இருக்கு, மரம் பூரா பாசி, கீழ பூரா பெரணி, மழை பெய்யும்போது தான் அங்க போகணும், கூட்டமும் இருக்காது. மல்ட்னோமா அருவி 620 அடி, பக்கத்துல நின்னா குத்தாலத்துக்காரனுக்கு கை கால் எல்லாம் பரபரங்கும், ஆனா குளிக்க விட மாட்டாங்க, எண்ணெ தேய்ச்சிக்கிட்டு போயிடாதீங்க. இன்னொண்ணு நெறைய பேருக்கு தெரியாது, ஜூலை ஆகஸ்ட்ல போர்ட்லண்ட்ல மழையே கெடையாதுன்னு சொல்லலாம், புல்தரை எல்லாம் பழுப்பாகிடும், ராத்திரி ஒம்போது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அந்த ரெண்டு மாசம் எந்த ஊரும் கிட்ட வர முடியாது.

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்லுதுன்னா, பிரச்சனை மழை இல்ல, இருட்டு. இத நானும் ஒத்துக்கறேன். டிசம்பர்ல நாலரை மணிக்கு சூரியன் போயிடும், காலைல எட்டு மணி கிட்ட தான் வரும், வந்தாலும் மேகத்துக்கு பின்னாடி தான். என் வீட்டம்மாவுக்கு மொத குளிர்காலம் ரொம்ப கஷ்டமா போச்சு, காரணமே இல்லாம அழுகை, எழுந்திரிக்கவே தோணாம இருக்கறது, அப்புறம் டாக்டர் சொல்லி வெயில் வெளிச்சத்துக்கு பதிலா வைக்கற பளீர்னு எரியற 10,000 லக்ஸ் விளக்கு ஒண்ணு வாங்கி காலைல காபி குடிக்கும்போது முன்னாடி வச்சிக்க ஆரம்பிச்சா, இப்ப பரவால்ல. இது எல்லாருக்கும் வராது, ஆனா வர்றவங்களுக்கு நெஜமாவே வரும், சும்மா மனச தெம்பா வச்சிக்கோன்னு அட்வைஸ் பண்ணாதீங்க. இட்லி மாவும் இங்க பெரிய போராட்டம், ஓவன்ல லைட்ட மட்டும் போட்டு உள்ள வைக்கணும், இல்லன்னா இன்ஸ்டன்ட் பாட்ங்கற கரன்ட் குக்கர்ல தயிர் மோடு. கருவேப்பிலை தொட்டிய அக்டோபர்ல வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்து மே வரைக்கும் சீராட்டணும்.

வீட்டு மெயின்டனன்ஸ்ல மழை செலவு வைக்கும். கூரைல பாசி பிடிக்கும், கூரை ஓரத்து மழைத்தண்ணி கட்டர்ல இலை அடைக்கும், வீட்டுக்கு அடில ஆள் தவழ்ந்து போற க்ரால் ஸ்பேஸ்ல ஈரம் நிக்கும். நம்ம சமையல் வேற, குக்கர் ஆவி, ரசம் கொதி, இட்லி வேக்காடு எல்லாம் சேந்து ஜன்னல்ல தண்ணியா வழியும், தொடைக்காம விட்டா ஓரத்துல கருப்பு பூஞ்சை. எக்ஸாஸ்ட போடாம சமைக்கவே கூடாது. காத்துல இருக்கற ஈரத்த எடுக்கற டிஹ்யூமிடிஃபயர் ஒண்ணு வாங்கினோம், அதோட வாளில ரொம்பற தண்ணிய பாத்தா இவ்ளோவும் நம்ம வீட்டுக்குள்ள தான் இருந்துச்சான்னு பயமா இருக்கும்.

இந்த ஊருக்கும் வெயில் வராம இல்ல. 2021 ஜூன் 28ம் தேதி போர்ட்லண்ட்ல 116 டிகிரி, அதாவது 46.7 செல்சியஸ், சென்னையோட ரெக்கார்டே 2003 மே மாசத்து 45 தான். ஏசியே இல்லாத வீடுங்க ஏகப்பட்டது இருந்த ஊர்ல அது நடந்துச்சு, அதுக்கப்புறம் தான் எல்லாரும் ஏசி ஹீட் பம்ப்னு ஓடினாங்க. 2020 செப்டம்பர்ல காட்டுத்தீ புகை வந்து வானமே ஆரஞ்சாகி உலகத்துல மோசமான காத்து இருக்கற பெரிய ஊர்கள்ல போர்ட்லண்ட் முன்னாடி நின்னுச்சு. 2024 ஜனவரில ஐஸ் மழை, மரம் எல்லாம் கம்பி மேல விழுந்து பல ஏரியால நாள் கணக்குல கரன்ட் இல்ல. மே ஜூன்ல புல் மகரந்தம் இன்னொரு தொல்ல, பக்கத்து வில்லாமெட் பள்ளத்தாக்குல புல் விதைக்குன்னே விவசாயம் பண்றாங்க, தும்மி தும்மி மூக்கே கழண்டு வந்துடும். ஆனா இதெல்லாம் வந்துட்டு போற விருந்தாளிங்க, ஃபீனிக்ஸ்ல வெயில் தான் வீட்டு ஓனர்.

வரலாமா வேணாமான்னு யோசிக்கறவங்களுக்கு, ஜூலைல வந்து பாத்து மயங்கி கையெழுத்து போட்டுடாதீங்க, ஜனவரில ஒரு வாரம் வந்து தங்குங்க. அதே மாதிரி ஃபீனிக்ஸ்க்கு போறவங்க பிப்ரவரில போய் பாக்காதீங்க, ஜூலைல போங்க. வயசான அப்பா அம்மாவுக்கு மூட்டு வலி இருந்தா, எங்க வீட்டு பெரியவங்க அனுபவத்துல அரிசோனா குளிர்காலம் தான் அவங்களுக்கு தோது, அத நான் மறுக்க மாட்டேன். போர்ட்லண்ட் வர்றதா முடிவு பண்ணிட்டா வீடு பாக்கும்போது க்ரால் ஸ்பேஸ்ல ஆள எறக்கி பாக்க சொல்லுங்க, சோபாக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி நல்ல மழை ஜாக்கெட்டுக்கு செலவு பண்ணுங்க, அந்த ஜாக்கெட்ட சாதா சோப்பு பவுடர் ஃபேப்ரிக் சாஃப்ட்னர் எல்லாம் போட்டு தொவைச்சா தண்ணி ஒட்டாத தன்மை போயிடும், அதுக்குன்னு தனி லிக்விட் விக்கறாங்க, அதுல தொவைச்சு டிரையர்ல கம்மி சூட்டுல கொஞ்ச நேரம் ஓட விட்டா மறுபடி தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும்.