விட்டுப்போன வருமான வரிக் கணக்கு: மூன்று வழிகளில் எது யாருக்கு?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி கேட்பது மூன்று வருட வருமான வரிக் கணக்கு. இரண்டு வருடம் விட்டுப்போனது பலருக்கும் அப்போதுதான் உறைக்கிறது. விட்டதைத் தாக்கல் செய்ய மூன்று வழிகள் உண்டு: தாமதக் கணக்கு, ஐடிஆர்-யு எனப்படும் புதுப்பித்த கணக்கு, தாமத மன்னிப்பு மனு. எந்த வழி என்பதை முடிவு செய்வது ஒரே கேள்விதான். அந்த வருடத்துக்கு நீங்கள் துறைக்குப் பணம் கட்ட வேண்டுமா, துறை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டுமா?

விடை தெரிய, வரித் துறை இணையதளத்தில் நுழைந்து அந்தந்த வருடத்தின் படிவம் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (உங்கள் வருமானத் தகவல் அறிக்கை) இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். பிடித்த டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டிவிடும் வரி) ஒரு பக்கம், அந்த வருடத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய மொத்த வரி மறுபக்கம். இந்தக் கணக்கை முடிக்காமல் எந்தப் படிவத்தையும் தொடாதீர்கள்.

மூன்றில் மலிவானது தாமதக் கணக்கு, வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 139(4). இதற்குக் கெடு மதிப்பீட்டு ஆண்டின் (சம்பாதித்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) டிசம்பர் 31; 2024-25 நிதியாண்டுக்கு 2025 டிசம்பர் 31. தாமதக் கட்டணம் 5,000 ரூபாய்; மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. ரீஃபண்டும், அதாவது கூடுதலாகப் பிடித்த வரியைத் திருப்பியும், கேட்கலாம். இழப்பு இரண்டு இடத்தில். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து தாமதக் கணக்கில் பழைய வரி முறை கிடையாது, ஆகவே எல்ஐசி பிரீமியம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் போன்ற 80சி கழிவுகள் போய்விடும். தொழில் நஷ்டத்தையும் அடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோக முடியாது.

டிசம்பர் 31 தாண்டியபின், வரி கட்ட வேண்டியவருக்கு உள்ள வழி ஐடிஆர்-யு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 24 மாதம் என்று இருந்த கெடு, 2025 நிதிச் சட்டத்தில் 48 மாதமானது. வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல், முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், 24-க்குள் 50, 36-க்குள் 60, 48-க்குள் 70 சதவீதம் கூடுதல் வரி உண்டு.

ஒரு கட்டட ஒப்பந்ததாரர். டிடிஎஸ் போக வரி 40,000, வட்டி 14,000. வட்டி மாறாது என்று வைத்தாலே கூடுதல் வரி முதல் ஆண்டில் 13,500, அடுத்து 27,000, பிறகு 32,400, கடைசியில் 37,800. உண்மையில் வட்டியும் மாதாமாதம் ஏறிக்கொண்டே இருக்கும். தாமதக் கட்டணம் தனி. ஏப்ரலில் போகலாம் என்று மார்ச் கடைசியைத் தவறவிட்டால் அடுத்த படிக்கு ஏறிவிடுவீர்கள். 2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்கு 60 சதவீதப் படி 2027 மார்ச் 31 வரை, 70 சதவீதப் படி 2028 மார்ச் 31 வரை.

பணத்தை முதலில் கட்டி, அந்தச் சலான் விவரத்தோடுதான் ஐடிஆர்-யு ஏற்ற வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, நிதியாண்டையும் மதிப்பீட்டு ஆண்டையும் குழப்புவது. 2022-23-இல் சம்பாதித்ததற்குச் சலானில் 2023-24 இருக்க வேண்டும். படிவமும் அந்த வருடத்துக்கு உரியதாகவே இருக்க வேண்டும். ரப்பர் ஷீட், ஓட்டுப்பால் விற்ற விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 செல்லாது. தொழில் வருமானம் இல்லாதவர் ஐடிஆர்-2 எடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் சம்பளக்காரர்கள் பலர் தோட்டத்தை மறந்துவிட்டு ஐடிஆர்-1 போடுகிறார்கள்.

ஐடிஆர்-யு ஒரு வருடத்துக்கு ஒரே முறை. ரீஃபண்ட் கேட்கவோ கூட்டவோ அதில் முடியாது. டிடிஎஸ்ஸிலேயே வரி முழுதும் அடங்கி, கட்ட எதுவும் இல்லை என்றாலும் அது உதவாது. வங்கிக்குக் காட்ட மட்டும் ஒரு கணக்கு வேண்டும் என்று வருபவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ரீஃபண்ட் வர வேண்டியவருக்கு மூன்றாவது வழி, பிரிவு 119(2)(பி)-யின் கீழ் தாமத மன்னிப்பு. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில் பணம் அதிகம் முடங்குவது இங்கேதான். என்ஆர்ஓ (வெளிநாட்டில் வாழ்பவர் இந்திய வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) வைப்பு வட்டியில் வங்கி 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடிக்கிறது. 1,50,000 ரூபாய் வட்டிக்கு 46,800. இந்தியாவில் வேறு வருமானம் இல்லை என்றால் வரி பூஜ்யம். முழுப் பணமும் அவருடையது. வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு வரியே இல்லை, அதை இதோடு சேர்க்காதீர்கள்.

2024 அக்டோபர் 1-இல் வந்த சுற்றறிக்கை 11/2024-இன்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் மனு போடலாம். கோரும் தொகை 1 கோடிக்குள் என்றால் வருமான வரி ஆணையர் மட்டத்திலேயே முடிவாகும்; மனு சேர்ந்த மாதம் முடிந்து 6 மாதத்துக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறது. தாமதமாகக் கேட்ட ரீஃபண்டுக்கு வட்டி தரமாட்டார்கள். இணையதளத்தில் சேவைகள் பகுதியில் மனு இருக்கிறது. உண்மையான சிரமம் என்று காட்ட வேண்டும்: மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாள், கடவுச்சீட்டில் வந்துபோன முத்திரைப் பக்கங்கள், வங்கியின் டிடிஎஸ் சான்று. "தெரியவில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பும் மனு நிற்காது. ஆணை கிடைத்தபின், அதன் எண்ணையும் தேதியையும் போட்டு, பிரிவு 119(2)(பி)-யைத் தேர்ந்து கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆணை வாங்கிவிட்டுக் கணக்குப் போடாமல் விட்டால் பணம் வராது.

எந்த வழியானாலும், கணக்கை ஏற்றிய 30 நாளுக்குள் மின்சரிபார்ப்பு (கணக்கு உங்களுடையதுதான் என்று இணையத்தில் உறுதிசெய்வது) முடிய வேண்டும். தாமதித்தால் சரிபார்த்த தேதியே தாக்கல் தேதி. டிசம்பர் 31-இல் ஏற்றிய தாமதக் கணக்கு பிப்ரவரியில் சரிபார்த்தால் கெடு தாண்டியதாகிவிடும். வெளிநாட்டில் இருப்பவருக்கு, ஆதாரில் உள்ள பழைய இந்திய கைபேசி எண் செத்துப்போயிருந்தால் ஓடிபி வராது. என்ஆர்ஓ கணக்கின் நெட்பேங்கிங் வழியாகச் சரிபார்க்கலாம், அல்லது ஐடிஆர்-வி எனும் ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டுப் பெங்களூரு மத்தியச் செயலாக்க மையத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம்.

நோட்டீஸ் வரட்டும், பார்க்கலாம் என்பதையும் சிலர் ஒரு வழியாக நினைக்கிறார்கள். குறைத்துக் காட்டிய வருமானத்தின் வரிக்கு 50 சதவீதம், தவறாகக் காட்டியதற்கு 200 சதவீதம் அபராதம். ஐடிஆர்-யுவின் 70 சதவீதப் படியைவிட 50 குறைவுதானே என்று தோன்றும். ஆனால் எது குறைத்தது, எது தவறு என்று சொல்வது அதிகாரி. வரிப் பாக்கி 10,000 ரூபாயைத் தாண்டியவருக்கு வழக்கு வரவும் சட்டத்தில் இடமுண்டு.

ஒரு வருடம் கட்ட வேண்டும், மறுவருடம் வாங்க வேண்டும் என்றால் ஒன்றில் மற்றொன்றைக் கழிக்க முடியாது. கட்ட வேண்டிய வருடத்தை மார்ச் 31-க்கு முன் ஐடிஆர்-யுவில் முடித்துவிட்டு, வாங்க வேண்டிய வருடத்துக்கு அதே வாரத்தில் மனுவைப் போடுங்கள்.