பித்தநாளத்துக்கு பிளாஸ்டிக் குழாயா, உலோகக் குழாயா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பெரியப்பாவுக்குப் பித்தநாளத்தில் (கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் போகும் குழாயில்) கல் அடைத்துக் கண் மஞ்சளானபோதுதான் அடைத்த நாளத்தைத் திறந்து வைக்க உள்ளே செருகும் ஸ்டென்ட் என்ற குழாயில் இரண்டு வகை உண்டென்றே தெரிந்தது. அவருக்கு வைத்தது பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக் விலை குறைவு, எண்டாஸ்கோப் (வாய்வழி உள்ளே விடும் கேமராக் குழாய்) வழியாக எளிதில் எடுத்துவிடலாம். ஆனால் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். கிருமியும் பித்தக் கசடும் படிந்து ஏறக்குறைய 3 மாதத்தில் அடைத்துக்கொள்ளும். பிறகு குளிர்காய்ச்சல், அரிப்பு, மறுபடி மஞ்சள். பெரியப்பா நடுங்கியதைக் காவடி விரதக் களைப்பு என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கினோம். சிலருக்குக் குழாய் நழுவும். அபூர்வமாகக் குடல் சுவரையே துளைத்துவிடும்.

உலோக வலைக் குழாய் உள்ளே போய் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை விரியும். அதிக நாள் தாங்கும். விலைதான் மூச்சு முட்டும். வலைமேல் உறையில்லாததில், அடைப்புக்குக் காரணம் புற்றுக்கட்டி என்றால், அது வலைக்கண் வழியே உள்ளே வளரும், குழாயை வெளியே எடுப்பதும் கடினம். சரி, உறையுள்ளது? அது நழுவலாம், பித்தப்பையின் வாயை மறைத்து அதை வீங்கவும் வைக்கலாம்.

கல்லுக்குத் தற்காலிகமாக என்றால் பிளாஸ்டிக்கே போதும் என்பேன், மாற்றும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்தால். அறுவை செய்ய முடியாத புற்றுக்கட்டி அடைப்புக்கு உலோகத்தைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.