குளிரில் இழுக்காத டீசல் வண்டிக்கு இஎல்எம்327 புளூடூத் ஸ்கேனர் எவ்வளவு தூரம் உதவும்?

காலையில் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் ஒழுங்காக நிற்கும், மிதித்தால் மட்டும் இழுக்காது. இன்ஜின் சூடேறியதும் எதுவுமே நடக்காதது போல ஓடும். டீசல் பிக்கப்பிலும் சிறு லாரியிலும் வரும் இந்தக் கோளாறு, வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிடும். கோளாறு இருக்கும் அந்த முதல் பத்து நிமிடத்தை எண்களாகப் பதிவு செய்து தருவதால்தான், வண்டியின் ஓபிடி எனும் கோளாறு பார்க்கும் சாக்கெட்டில் செருகி ஃபோன் ஆப்பில் பார்க்கும் இந்தச் சின்ன இஎல்எம்327 அடாப்டரை வாங்கலாம் என்கிறோம். எர்ரர் கோடு படிப்பது இரண்டாம்பட்சம்; குளிரில் பவர் குறையும் வண்டிகள் பலவற்றில் கோடே விழுவதில்லை.

வாங்கும்போது பதிப்பு எண்ணை நம்ப வேண்டாம். சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நகல்கள். பலவற்றில் அச்சிட்டிருக்கும் 1.5 என்ற பதிப்பை இந்த சிப்பை உருவாக்கிய எல்ம் எலக்ட்ரானிக்ஸ் வெளியிட்டதே இல்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் புளூடூத் லோ எனர்ஜி அல்லது வைஃபை மாடலாகப் பார்த்து எடுக்க வேண்டும். பழைய வகை புளூடூத் அதில் இணையாது. 24 வோல்ட் கனரக வண்டிகளுக்கும் ஒன்பது பின் வட்ட சாக்கெட் உள்ள வண்டிகளுக்கும் இது பொருந்தாது. அவற்றுக்கு வேறு கருவி வேண்டும்.

இரவு வண்டியிலேயே செருகி விட்டுவிடாதீர்கள். சாக்கெட்டின் 16ஆம் பின்னில் பேட்டரி கரண்ட் எப்போதும் இருக்கும். குளிரில் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் பேட்டரி இன்னும் இறங்கும். காலையில் எடுக்கும் அளவுகளும் கெட்டுப்போகும்.

இன்ஜின் எட்டு மணி நேரமாவது நின்று முழுக்கக் குளிர்ந்த பிறகு செருகுங்கள். செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய்து கூலன்ட் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், வெளி வெப்பம் மூன்றையும் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக, ஐந்து டிகிரிக்குள் நிற்க வேண்டும். கூலன்ட் மட்டும் 60, 70 என்று காட்டினால், இன்ஜின் சூடாக இருப்பதாக இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு ஏமாந்துபோய், குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கைப் போடாது, குளிருக்கு வேண்டிய கூடுதல் டீசலையும் தராது. மைனஸ் 40இல் ஒட்டி நின்றால் சென்சார் வயரோ சாக்கெட்டோ விட்டுப்போயிருக்கிறது. அதே நேரத்தில், இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தமான மேனிஃபோல்டு பிரஷரும் வளிமண்டல அழுத்தமும் இரண்டு மூன்று கிலோபாஸ்கலுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அதை அளக்கும் பூஸ்ட் சென்சாரில் கரி பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வோல்டேஜ் எண்ணையும் கவனியுங்கள். க்ளோ பிளக் வேலை செய்தால் சாவி போட்டதும் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். ஸ்டார்ட் ஆன பிறகும் பல வண்டிகளில் பிளக் சிறிது நேரம் எரியும். ரிலே 'டக்' என்று விடும்போது எண் ஒரு படி ஏறுவது திரையிலேயே தெரியும். இறக்கமே இல்லையென்றால் ரிலேயையும் ஃபியூஸையும் பாருங்கள். இரண்டு மூன்று பிளக் மட்டும் போயிருந்தால் வெண்புகையும் மிஸ்ஸிங்கும் வரும், முதல் சில நிமிடம் இழுவை இருக்காது. எந்தப் பிளக் என்று ஸ்கேனர் சொல்லாது, மல்டிமீட்டர் வேண்டும். குளிர்ந்த பிளக் பொதுவாக இரண்டு ஓமுக்குக் கீழே காட்டும், எரிந்துபோனது ஓப்பன் (கரண்ட் பாயாத நிலை) காட்டும்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. ஆப்பில் நான்கு அளவுகள் போதும்: ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம்), மேனிஃபோல்டு பிரஷர், கூலன்ட் வெப்பம், ஆக்சிலரேட்டர் நிலை. பன்னிரண்டைத் திறந்து வைத்தால் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் புதுப்பிக்கும், நொடிப் பொழுது சரிவு தப்பிவிடும். மூன்றாம் கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முக்கால் மிதி, ஐந்து விநாடி. குளிர்ந்த எண்ணெயில் டர்போவுக்கு அதற்கு மேல் சுமை வேண்டாம்.

பெடல் அசையாமல் இருக்கும்போது ரெயில் பிரஷர் ஏறிப் பிறகு சரிந்தால் கோளாறு டீசல் பக்கம். ரெயில் நிலையாக நிற்க, பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம், மேனிஃபோல்டு பிரஷரில் தெரியும்) ஏறவில்லையென்றால் காற்றுப் பக்கம்: கரியில் இறுகிய டர்போ வேன் (டர்போவுக்குள் இருக்கும் இதழ்கள்), புகையை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வு மூடாமல் இருப்பது, கிழிந்த பூஸ்ட் ஹோஸ். இதில் கரும்புகையும் சேர்ந்து வரும். இரண்டும் சரியாக இருந்தும் வண்டி சோம்பினால், ஈசியுவே டார்க்கை (இழுவை விசையை)க் கட்டுப்படுத்துகிறதா என்று கூலன்ட் எண்ணில் பாருங்கள். இருபது நிமிடம் ஓடியும் 80 டிகிரியை எட்டவில்லையென்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

பூஸ்ட் 255இல் முட்டி நின்றால் பயப்பட வேண்டாம். பொதுவான ஓபிடி தரவில் அந்த அளவுக்கு ஒரே ஒரு பைட்தான். அதன் உச்சம் 255 கிலோபாஸ்கல்.

இந்தக் கருவியின் பெரிய குறை டீசல் பக்கத்தில்தான். ஈசியு கேட்கும் ரெயில் பிரஷரைப் பொதுவான ஓபிடி தரவில் பெரும்பாலும் பார்க்க முடியாது. உங்கள் மாடலுக்கான கூடுதல் அளவுகளைத் தரும் ஆப் இருந்தால்தான் கேட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று ஒப்பிடலாம். 2003 முதல் 2007 வரையிலான ஃபோர்டு 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக்குக்கு அப்படிப்பட்ட ஆப் கட்டாயம். அதில் இன்ஜெக்டரை இயக்குவது இன்ஜின் ஆயில். குளிரில் ஆயில் தடித்தாலும், இன்ஜெக்டர் மாட்யூலின் 48 வோல்ட் 45க்குக் கீழே இறங்கினாலும் காலையில் திணறும்.

ரெயில் சரிவது தெரிந்தாலும் ஏன் சரிகிறது என்று ஸ்கேனருக்குத் தெரியாது. காற்று இழுக்கிறதா, குளிரில் டீசலிலிருந்து பிரியும் மெழுகு ஃபில்டரில் படிந்ததா? இதற்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் ஒரு அடி வாங்கி, ஃபில்டருக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் நடுவே மாட்டுங்கள். பம்புக்குப் பின்னால் இருக்கும் பைப்பைத் தொடவே கூடாது. அங்கிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்துக்குப் பிறகும் குமிழி தொடர்ந்து ஓடினால் காற்று இழுக்கிறது. ஃபில்டர் ஹெட் ஓ-ரிங், கைப்பம்பு, பைப் இணைப்பில் இருக்கும் பான்ஜோ வாஷர், கிளிப் என்று டேங்க்கை நோக்கிப் பாருங்கள். குளிரில் இறுகிச் சுருங்கும் ரப்பர் சூட்டில் மறுபடி அடைத்துக்கொள்வதால்தான் மதியம் கோளாறு காணாமல் போகிறது.

குமிழி இல்லையென்றால் ஃபில்டர் மேல் வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். இழுவை திரும்பினால் மெழுகோ, உறைந்த தண்ணீரோதான். தண்ணீரை வடித்து, புது ஃபில்டர் போட்டு, குளிர்கால டீசல் நிரப்ப வேண்டும். காமன் ரெயில் வண்டியில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கலக்காதீர்கள். பம்புக்கு டீசல்தான் மசகு.

12 வோல்ட் டீசல் வண்டியை வீட்டிலேயே பார்த்துக்கொள்பவர் இதைத் தயங்காமல் வாங்கலாம், கூடவே அந்த ஒரு அடி ஹோஸையும். இன்ஜெக்டர் கோடிங், டர்போ வேனை அசைத்துப் பார்க்கும் சோதனை போன்றவை தேவைப்பட்டால் உங்கள் மாடலுக்கே உரிய ஸ்கேனர்தான் வேண்டும்.