டோமினோவா, கோலியா, ஜவ்வரிசியா?

ஏற்காட்டில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளும் அவள் தோழிகள் மூன்று பேரும் இந்த வருடமும் அறிவியல் கண்காட்சிக்குத் தொடர்வினை இயந்திரம் செய்வதாகப் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஒன்று விழுந்து இன்னொன்றைத் தட்ட, அது உருண்டு மூன்றாவதை இழுக்க, கடைசியில் ஒரு சின்ன வேலை நடக்கும். எங்கள் இயந்திரத்தில் மணி அடிக்க வேண்டும். அமெரிக்கக் கார்ட்டூன் ஓவியர் ரூப் கோல்ட்பர்க் (1883–1970) இப்படிச் சுற்றி வளைத்து வேலை செய்யும் கருவிகளை வரைந்தே பெயர் வாங்கினார். அவர் பொறியியல் படித்தவர்.

கண்காட்சி சேலத்தில். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி எல்லாவற்றையும் கீழே இறக்க வேண்டும், நடுவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், பாதியில் நின்றால் உடனே திரும்ப அடுக்க வேண்டும். எதை வைத்துச் செய்வது என்று நான் பார்ப்பது இந்தக் கண்ணோட்டத்தில்தான்.

அதற்கு முன் ஒரு கணக்கு. ஒவ்வொரு கட்டமும் நூற்றுக்கு 95 தடவை சரியாக நடக்கிறது என்று வையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி 20 கட்டங்கள் இருந்தால், முழு இயந்திரமும் நிற்காமல் ஓட 36 சதவீதம்தான் வாய்ப்பு. ஒவ்வொன்றையும் 99-க்குக் கொண்டுவந்தால் 82. கட்டங்களைக் கூட்டுவதைவிட இருப்பதைத் திருத்துவது முக்கியம் என்பதைப் பிள்ளைகள் இந்தக் கணக்கில்தான் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் டோமினோ, அதாவது வரிசையாக நிறுத்தி, ஒன்றைத் தட்டினால் அடுத்தடுத்துச் சாயும் கட்டைகள். பிள்ளைகளின் முதல் ஆசை எப்போதும் இதுதான். தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட ரீப்பர் துண்டுகளை ஒரே அளவில் அறுத்து வாங்கினால் செலவு அதிகமில்லை. அறிவியலும் இதில் நிறைய. நிற்கும் ஒவ்வொரு கட்டையிலும் ஆற்றல் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கிறது. தட்டுவது அதை அவிழ்த்துவிடத்தான். அதனால்தான் ஒரு கட்டை தன்னைவிடப் பெரிய கட்டையையும் தள்ளிவிடும். லோர்ன் வைட்ஹெட் என்ற இயற்பியலாளர் 1983-இல், ஒவ்வொரு கட்டையும் தன்னைப்போல ஒன்றரை மடங்கு பெரிய கட்டையைச் சாய்க்கும் என்று எழுதினார். 3 செ.மீ. உயரத்தில் தொடங்கினால் ஏழாவது கட்டை 34 செ.மீ. இதை நேரில் பார்க்கும்போது மனசுக்குள் ஒரு துள்ளல் வரும், பெரியவர்களுக்கும்தான்.

ஆனால் போன வருடம் நாங்கள் காலியான தீப்பெட்டிகளை வைத்து அறுபதை அடுக்கியிருந்தோம். நடுவர் வருவதற்குள் யாரோ மின்விசிறியைப் போட, எல்லாம் சாய்ந்துவிட்டது. திரும்ப அடுக்கக் கால் மணி நேரம். அதற்குள் நடுவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். மகள் அழவில்லை, ஆனால் மலை ஏறி வீடு வரும்வரை பேசவும் இல்லை. டோமினோ வைத்தே தீர வேண்டும் என்பவர்கள் கனமான மரக்கட்டை வையுங்கள், பத்துக்கு ஒரு கட்டையை எடுத்து இடைவெளி விடுங்கள், கடைசி நிமிடத்தில் அதை நிரப்புங்கள்.

கோலிப் பாதையில் இந்தத் தொல்லை கிடையாது. உருண்டு முடிந்த குண்டை எடுத்து மேலே வைத்தால் தயார். வீட்டு வயரிங்குக்குப் போடும் கேசிங் பட்டையை மூடி இல்லாமல் பலகையில் திருகினால் அதுவே ஓடை. சரிவு குறைவாக இருக்கட்டும். வேகம் கூடினால் வளைவில் குண்டு வெளியே பாய்ந்துவிடும், மலைப்பாதை வண்டிக்கு உள்ள அதே சங்கடம். கண்ணாடிக் கோலியைவிட, லாரிப் பட்டறையில் கிடைக்கும் பழைய பேரிங் குண்டு மேல். ஒரே அளவில் மூன்று மடங்கு எடை, ஆகவே எதிலே இடித்தாலும் அதைச் சாய்க்கும். "அப்பா, கணக்குல வர்ற வேகம் நேர்ல வரலயே" என்று மகள் கேட்டாள். உருளும் குண்டின் இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்கே போய்விடுகிறது. அந்த ஒரு கேள்விக்காகவே கோலியைச் சேர்க்கலாம்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி என்றால் பாயசம் மட்டுமில்லை, ஊரைச் சுற்றி இத்தனை ஆலைகள் இருக்கின்றன. கப்பியில் ஒரு நூல், அதன் ஒரு முனையில் காலி டம்ளர், மறுமுனையில் மணியைப் பிடித்து வைக்கும் எடை. மேலே தலைகீழாகக் கட்டிய பாட்டிலின் வாய் வழியே ஜவ்வரிசி டம்ளரில் கொட்டும். டம்ளர் கனத்ததும் எடை மேலே எழும். தண்ணீரையும் வைக்கலாம், ஆனால் மட்டம் குறையக் குறைய அதன் வேகமும் குறையும். ஜவ்வரிசி மணல்கடிகாரம் மாதிரி, மேலே எவ்வளவு இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே சீராக விழும். அதனால் எத்தனை வினாடியில் மணி அடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது. சொன்னபடி அடித்தால் நடுவர் நின்று பார்ப்பார். துளை, ஜவ்வரிசி மணியைப்போல ஆறேழு மடங்காவது அகலம் வேண்டும். இல்லையென்றால் மணிகள் ஒன்றையொன்று தாங்கி வளைவு கட்டி நின்றுவிடும். ஏற்காட்டுப் பனியில் ஈரம் ஏறினாலும் ஒட்டிக்கொள்ளும். சேலம் வெயிலில் ஒரு தட்டில் பரப்பினால் போதும்.

ஐஸ் குச்சிகளைப் பின்னி வெடிக்கவிடும் பின்னலை நான் வேண்டாம் என்றேன். குச்சிகள் பறந்து கண்ணில் படலாம், வண்டிக் குலுக்கலிலேயே அவிழவும் செய்யும். மோட்டார் வைத்தால் எது எதைத் தள்ளியது என்பதே தெரியாமல் போகும்.

ஆகவே இந்த வருடம் ஆரம்பத்தில் வளர்ந்துகொண்டே போகும் ஏழு மரக்கட்டைகள், நடுவில் பேரிங் குண்டு, கடைசியில் ஜவ்வரிசி. மொத்தம் ஒன்பது கட்டங்கள். திரும்ப அடுக்க இரண்டு நிமிடம். நேற்று பத்துத் தடவை ஓட்டியதில் ஏழு தடவை மணி அடித்தது. நின்ற மூன்று தடவையும் ஒரே இடம், குண்டு இரண்டாவது வளைவில் தட்டி நின்றது, அங்கே பட்டையை இன்னும் சீவ வேண்டும். அப்புறம் அரைக் கிலோ ஜவ்வரிசியை டப்பாவில் தனியாக எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். கீழே சிந்தியதைப் பொறுக்கிப் போட்டால் தூசியும் நூலும் சேர்ந்து துளையை அடைத்துவிடும்.